கணக்கு 36 என்கிறது, சந்தை 31-க்குத் தருகிறது: அந்த ஆப்ஷன் மலிவா?

வாசகரின் கடிதச் சுருக்கம்

கோவைப் பக்கம் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் வாசகர் ஒருவர், நான்கு பக்கக் கடிதத்துடன் தம்முடைய எக்செல் கோப்பையும் அனுப்பியிருக்கிறார். புள்ளியியலில் நல்ல பழக்கம் உள்ளவர். ஒன்றரை ஆண்டுகளாகத் தேசியப் பங்குச்சந்தையில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்களை (குறித்த தேதியில் குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை) வாங்கி விற்கிறார். ஒரு பங்கின் ஓராண்டு தினசரி முடிவு விலைகளிலிருந்து வாலட்டிலிட்டியை, அதாவது விலை ஏறி இறங்கும் அளவை, கணக்கிட்டு, ஆப்ஷன் விலையைக் கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் இட்டு, வரும் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடுகிறார். சந்தை விலை குறைவாக இருந்தால் வாங்குகிறார், கூடுதலாக இருந்தால் விற்கிறார்.

இரண்டு வர்த்தகங்களை அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். 1,000 ரூபாயில் இருந்த ஒரு பங்கின் 1,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் (1,000 ரூபாய்க்கு வாங்கும் உரிமை), எக்ஸ்பைரிக்கு, அதாவது ஒப்பந்தம் முடியும் நாளுக்கு, 30 நாள் இருக்கையில், அவர் கணக்கில் 36 ரூபாய் பெறுமானம் உள்ளது. சந்தையில் 31-க்குக் கிடைத்தது. வாங்கினார், பணம் கரைந்தது. அதே பங்கின் 850 புட் (850 ரூபாய்க்கு விற்கும் உரிமை), அவர் கணக்கில் 45 காசுதான். சந்தையில் 3 ரூபாய்க்கு வாங்க ஆள் இருந்தது. லாட்டுக்கு 500 பங்கு வீதம் மூன்று லாட் விற்று 4,500 ரூபாய் பெற்றார். 12 நாள் கழித்து ஒரு மோசமான செய்தியில் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்து 830-க்கு வந்தது. புட்டை 48 ரூபாய்க்குத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. 67,500 ரூபாய் நட்டம். மொத்த நட்டம் இதுவரை 2,80,000 ரூபாய்.

அவருடைய கேள்விகள் இவை: "பிளாக்-ஷோல்ஸ் அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டது, நம்மைப் போன்ற வளரும் சந்தைக்குப் பொருந்தாது என்கிறார்களே, உண்மையா? 40,000 ரூபாய்க்கு ஹெஸ்டன் மாடல் மென்பொருள் விற்கிறார்கள், வாங்கலாமா? சந்தைதான் தவறாக விலை வைக்கிறது என்றால் பொறுமையாக இருந்தால் வென்றுவிடலாம் அல்லவா? அதற்காக மனைவியின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் புரட்ட நினைக்கிறேன், சரியா, ஐயா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் எக்செல் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன். சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் "எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது" என்ற தவிப்பு தெரிகிறது. தப்பியது கணக்கு அல்ல. அந்த 36 ரூபாய் எதைக் குறிக்கிறது என்பதில்தான் நீங்கள் இடறியிருக்கிறீர்கள்.

பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-ல் வெளியிட்ட சூத்திரம், ஒரு ஆப்ஷனின் "உண்மையான மதிப்பு" இது என்று எங்கும் சொல்லவில்லை. அது சொல்வது ஓர் உற்பத்திச் செலவை. பங்கையும் கடனையும் கொண்டு, விலை அசையும்போதெல்லாம் அளவைத் திருத்தித் திருத்தி, அந்த ஆப்ஷன் தரும் பலனை நீங்களே உருவாக்கிக்கொண்டால் எவ்வளவு செலவாகும் என்பதே அந்த எண். நீங்கள் பம்புத் தொழிலில் இருப்பவர், உங்களுக்கு இது எளிதில் புரியும். வார்ப்பு, செம்புக் கம்பி, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு மோட்டாருக்கு இவ்வளவு அடக்கம் என்று கணக்குப் போடுகிறீர்கள். மின்சாரம் தடையில்லாமல் வரும், கம்பி எந்த நேரத்திலும் ஒரே விலைக்குக் கிடைக்கும், வரி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட அடக்க விலையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், "இதற்கு மேல் விற்பவர்கள் எல்லாரும் தவறாக விலை வைக்கிறார்கள்" என்று சொல்ல முடியுமா? பிளாக்-ஷோல்ஸ் அப்படிப்பட்ட அனுமானங்களில் நிற்கிறது: இடைவிடாத வர்த்தகம், செலவே இல்லாத பரிவர்த்தனை, தடையில்லாத ஷார்ட் விற்பனை (கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்பது), மாறாத வாலட்டிலிட்டி, திடீர்ப் பாய்ச்சல் இல்லாத விலை. வளரும் சந்தைகளில் இந்த அனுமானங்கள்தாம் முதலில் உடைகின்றன.

முதலில் உங்கள் 36 ரூபாய்

இந்த எண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கணிப்பானில் ஏற்கெனவே இருந்த 10 சதவீத வட்டியை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அடிப்படை விலையாக ஸ்பாட் விலை (பங்கின் அப்போதைய சந்தை விலை) 1,000-ஐ இட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே ஒட்டியிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த மாத ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதியில் கைமாறும் பங்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) 997-ல் வர்த்தகமாகிறது. ஸ்பாட்டை விட ஃப்யூச்சர்ஸ் ஏன் குறைவு? எக்ஸ்பைரிக்குள் 8 ரூபாய் டிவிடெண்ட் தேதி வருகிறது. சாதாரண டிவிடெண்டுக்காக ஸ்ட்ரைக் விலையைத் திருத்த மாட்டார்கள். கால் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு அந்த 8 ரூபாய் கிடைக்காது, ஆனால் பங்கின் விலையிலிருந்து அது கழிந்துவிடும்.

இந்தியாவில் ஒரு பங்கை நாள்கணக்கில் ஷார்ட் செய்ய வேண்டுமானால் அதைக் கடனாக வாங்க வேண்டும். 2008 முதல் அதற்கு ஏற்பாடு இருந்தும் பல பங்குகளில் அது மெலிந்தே கிடக்கிறது. ஆகவே ஆப்ஷன் எழுதுபவர்கள், அதாவது விற்பவர்கள், ஸ்பாட் பங்கை வைத்து ஹெட்ஜ் செய்வது (எதிர்நிலை எடுத்து ஆபத்தை ஈடுகட்டுவது) குறைவு. ஃப்யூச்சர்ஸை வைத்தே செய்கிறார்கள். அவர்களுடைய அடக்க விலை 997-லிருந்து தொடங்குகிறது. அந்த விலையை 1976-ல் பிளாக் ஃப்யூச்சர்ஸுக்காக எழுதிய வடிவத்தில், உங்களுடைய அதே 28 சதவீத வாலட்டிலிட்டியோடு, 6.5 சதவீத வட்டியில் இட்டுப் பாருங்கள். 36 ரூபாய் 30 ரூபாயாகிவிடும். சந்தை கேட்ட விலை 31.

அந்த 28 சதவீதத்தையும் பார்த்துவிடுவோம். உங்கள் ஓராண்டுத் தரவில் எட்டு மாதங்களுக்கு முன் ஒரே நாளில் பங்கு 14 சதவீதம் விழுந்த நாள் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினால், மீதி நாள்களின் வாலட்டிலிட்டி 24 சதவீதத்துக்கு அருகே வருகிறது; ஆப்ஷன் விலை 26 ரூபாயாகிறது. இப்போது யோசியுங்கள். ஒரே 31 ரூபாய், ஒரு கணக்கில் ஐந்து ரூபாய் மலிவு, இன்னொன்றில் சரியான விலை, மூன்றாவதில் ஐந்து ரூபாய் அதிகம். அந்த 14 சதவீத நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதைச் சூத்திரம் சொல்லாது. அப்படி ஒரு நாள் அடுத்த 30 நாளுக்குள் வருமா என்ற உங்கள் தீர்மானம்தான் அது.

தொழிலில் இருப்பவர்கள் இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. சந்தை விலையைக் கொடுத்து வாலட்டிலிட்டியைத் திரும்ப எடுக்கிறார்கள். ஆப்ஷன் செயின் என்னும் விலைப் பட்டியலில் நீங்கள் பார்க்கும் ஐ.வி. (விலைக்குள் பொதிந்திருக்கும் வாலட்டிலிட்டி) அதுதான். ஸ்ட்ரைக்கும் எக்ஸ்பைரியும் வெவ்வேறான ஆப்ஷன்களை ஒரே அளவுகோலில் பேச அது உதவுகிறது. அளவுகோலாக அது இந்தியாவிலும் நன்றாகவே வேலை செய்கிறது. நிஃப்டி போன்ற நிறைய வர்த்தகமாகும் குறியீட்டில், ஸ்பாட்டுக்கு அருகிலுள்ள ஸ்ட்ரைக்குகளில், ஒரு மாதம் போன்ற காலத்துக்கு, அது தரும் விலையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பங்கிலிருந்து தூரம் போகப் போக, வர்த்தகம் மெலிய மெலிய, அதன் சொல் எடுபடாமல் போகிறது.

850 புட்: சந்தை அறிந்திருந்தது

இந்தப் பகுதியை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பணத்தைப் பெருமளவு கடித்தது இந்த வகை வர்த்தகம்தான். 28 சதவீத ஆண்டு வாலட்டிலிட்டி என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1.76 சதவீதம். 17 சதவீத வீழ்ச்சி அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. உங்கள் தொழிற்சாலையில் மூன்று சிக்மாவுக்கு (வழக்கமான விலகலைப் போல மூன்று மடங்குக்கு) வெளியே ஒரு புள்ளி விழுந்தாலே இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடுவீர்கள். பத்து சிக்மாப் புள்ளி ஒன்று வந்தால், "துரதிர்ஷ்டம்" என்று எழுதி வைக்க மாட்டீர்கள்; நாம் வைத்திருக்கும் பரவலே தவறு என்றுதான் முடிவு செய்வீர்கள். அதே கண்டிப்பை இங்கும் காட்டுங்கள்.

நம் சந்தையின் வரலாறு அந்தப் பரவலுக்கு அடங்கியதே இல்லை. சத்யம் கணக்கு மோசடி வெளியான 2009 ஜனவரி 7 அன்று அந்தப் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 78 சதவீதம் விழுந்தது. ஆப்ஷன் உள்ள பங்குகளுக்கு மற்றப் பங்குகளைப் போல நிலையான விலை வரம்பு கிடையாது. ஆகவே அந்தச் சரிவு முழுவதும் ஒரே நாளில் வந்து இறங்கலாம். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் இறங்கியது; அதற்கு முந்தைய நாள் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2020 மார்ச் 23 அன்று நான் சென்னையில் ஒரு தரகு நிறுவனத்தின் இடர் மேலாண்மைப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். தொடங்கிய சிறிது நேரத்திலேயே சந்தை 10 சதவீதம் இறங்கி வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்றைய முடிவில் நிஃப்டி 13 சதவீதம் போயிருந்தது. அந்த 45 நிமிடம் எங்கள் திரையில் டெல்டா எண்கள் (பங்கு நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்று காட்டுபவை) அப்படியே நின்றன. ஹெட்ஜ் செய்ய வேண்டிய அளவு தெரிந்திருந்தும் செய்ய வழியில்லை. "இடைவிடாத வர்த்தகம்" என்ற அனுமானத்தை அதற்கு முன் பாடமாகப் படித்திருந்தேன். அன்று அதன் பொருள் விளங்கியது.

அமெரிக்காவிலும் 1987 அக்டோபர் வீழ்ச்சிக்குப் பிறகுதான் தூரத்துப் புட்களுக்குக் கூடுதல் ஐ.வி. நிலையாக ஒட்டிக்கொண்டது. ஆகவே, "அமெரிக்காவில் பொருந்தும், இங்கே பொருந்தாது" என்பது சரியல்ல. அங்கும் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. இங்கே அந்த இடைவெளி அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்களிடம் 3 ரூபாய் கொடுத்து அந்தப் புட்டை வாங்கியவர் ஏமாளி அல்லர். அவர் காப்பீடு வாங்கினார்; அதை நீங்கள் 3 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தீர்கள், அதன் அடக்கம் 45 காசு என்று நம்பி.

இதனால் தூரத்துப் புட் விற்பது எப்போதும் நட்டம் என்று நான் சொல்லவில்லை. பல மாதங்கள் தொடர்ந்து லாபம் தரும். அந்த லாபம் ஆபத்தை ஏற்றதற்கான கூலி. அதைச் சந்தையின் தவறாக எடுத்துக்கொண்டால் மூன்று லாட் ஆறு லாட்டாகும், ஆறு பன்னிரண்டாகும். எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகக் கவலை தந்தது இந்த இடம்தான்.

பட்டியலில் உள்ள விலை உங்களுக்குக் கிடைக்கும் விலையா?

உங்கள் கோப்பில் "சந்தை விலை" என்ற பத்தியில் கடைசியாக வர்த்தகமான விலையை இட்டிருக்கிறீர்கள். 1,200 கால் ஒன்றின் கடைசி வர்த்தகம் காலை 11.10-க்கு; நீங்கள் ஒப்பிட்ட பங்கு விலையோ பிற்பகல் 3.20-க்கு உரியது. நான்கு மணி நேரப் பழைய விலையைப் புதிய விலையோடு ஒப்பிட்டால் "தவறான விலை" தினமும் கிடைக்கும். இனி வாங்குவோர் விலையையும் விற்போர் விலையையும் தனித்தனிப் பத்திகளில், பங்கு விலையைக் குறித்த அதே நிமிடத்தில் குறியுங்கள். நீங்கள் வாங்கினால் விற்போர் விலை, விற்றால் வாங்குவோர் விலை. உங்கள் கோப்பிலுள்ள 64 "வாய்ப்புகளை" இந்த முறையில் நான் திருத்திப் பார்த்தபோது, ஒன்பதுதான் மிஞ்சின. அவற்றிலும் ஃப்யூச்சர்ஸ் விலையை இட்டதும் இரண்டே நின்றன.

எக்ஸ்பைரி நெருங்கும்போது ஒரு புட் அதன் உள்ளார்ந்த மதிப்பை (ஸ்ட்ரைக்குக்கும் பங்கு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை) விடக் குறைவாகக் கிடைப்பதாக நீங்கள் வியந்திருக்கிறீர்கள். அதற்கும் காரணம் உண்டு. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் ஃப்யூச்சர்ஸும் பங்கையே கைமாற்றும் முறையில் தீர்க்கப்படுகின்றன. பணமாக வித்தியாசம் வராது. பங்கையே கொடுக்க வேண்டும் அல்லது வாங்க வேண்டும். புட்டை எக்ஸ்பைரி வரை வைத்திருந்து, கையில் பங்கு இல்லையென்றால் அது ஏலத்துக்குப் போய் உங்கள் தலையில் செலவாக விடியும். கால் வைத்திருந்தால் லாட் ஒன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துப் பங்கை எடுக்க வேண்டும். கடைசி நான்கு நாள்களில் டெலிவரி மார்ஜின் (அதற்காகக் கட்ட வேண்டிய முன்பணம்) படிப்படியாக ஏறும். அந்தத் தொகை இல்லாதவர்கள் கிடைத்த விலைக்கு வெளியேறுவதால்தான் அந்த "மலிவு". ஐந்து லட்சத்தை ஆயத்தமாக வைத்திருப்பவருக்கு அது வாய்ப்பு. உங்கள் கணக்கில் இருப்பதோ 90,000 ரூபாய்.

இன்னொரு தடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் நிலுவை அளவு (மூடப்படாத ஒப்பந்தங்களின் அளவு) அதற்கான வரம்பின் 95 சதவீதத்தைத் தாண்டினால் அது தடைப் பட்டியலுக்குப் போகும். இருப்பதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஹெட்ஜ் தேவைப்படும் நாளில் இப்படி ஆகலாம். விற்பனையில் பிரீமியத்தின் (ஆப்ஷன் விலையின்) மீது வரும் பங்குப் பரிவர்த்தனை வரியும் 2024 அக்டோபரில் 0.0625-லிருந்து 0.1 சதவீதமாக ஏறியது.

ஆப்ஷனை முன்கூட்டியே நிறைவேற்றும் உரிமையால் விலை மாறுகிறதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த உரிமை நம் பங்கு ஆப்ஷன்களில் 2010 வரை இருந்தது. 2011 ஜனவரி முதல் இல்லை. உங்களிடமுள்ள பாடக்குறிப்பு பழையது.

மற்ற வளரும் சந்தைகளில்

ஒவ்வொரு சந்தையிலும் மாடல் உடையும் இடம் அந்த நாட்டின் விதியைப் பொறுத்தது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். சீனாவில் ஷாங்காய் 50 இ.டி.எஃப். (பங்கு போல வர்த்தகமாகும் குறியீட்டு நிதி) ஆப்ஷன்கள் 2015 பிப்ரவரியில் தொடங்கின. அதே ஆண்டு கோடையில் பங்குகள் சரிந்தபோது ஷார்ட் விற்பனைக்கும் குறியீட்டு ஃப்யூச்சர்ஸுக்கும் கடிவாளம் போட்டார்கள். ஃப்யூச்சர்ஸ் ஸ்பாட்டை விட வெகுவாகக் கீழே போயிற்று; ஸ்பாட்டை வைத்துக் கணக்கிட்டவர்களுக்குப் புட் எல்லாம் விலை மிகுந்ததாகவும் கால் எல்லாம் மலிவாகவும் தெரிந்திருக்கும். தென்கொரியா 2023 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை ஷார்ட் விற்பனையையே நிறுத்தி வைத்தது. இரண்டு இடங்களிலும் சூத்திரம் அப்படியே இருந்தது. அது சொல்லும் விலைக்கு ஆப்ஷனை உருவாக்கும் வழிதான் அடைபட்டது.

மென்பொருள் வாங்கலாமா?

வேண்டாம். 1993-ல் வந்த ஹெஸ்டன் மாடல் வாலட்டிலிட்டியும் மாறும் என்று ஏற்கிறது; அதற்கு முன்பே, 1976-ல், ராபர்ட் மெர்ட்டன் திடீர்ப் பாய்ச்சலைக் கணக்கில் சேர்த்தார். இரண்டும் மதிக்கத்தக்க வேலைகள். தூரத்து ஸ்ட்ரைக்குகளின் விலையைப் பிளாக்-ஷோல்ஸை விட அவை நன்றாக விளக்குகின்றன. ஆனால் அவற்றின் அளபுருக்களை, அதாவது அவற்றில் இட வேண்டிய எண்களை, கண்டுபிடிக்க, பல ஸ்ட்ரைக்குகளில், பல எக்ஸ்பைரிகளில், நம்பத்தக்க விலைகள் வேண்டும். நீங்கள் வர்த்தகம் செய்யும் நடுத்தரப் பங்குகளில் அடுத்த மாதத்துக்கு மேல் விலையே கிடையாது. இந்த மாதத்திலும் ஐந்தாறு ஸ்ட்ரைக்குகளுக்குத்தான் ஆள் இருக்கிறது. வெறுங்கையால் முழம் போட முடியாது. உங்கள் 36 ரூபாயை 30 ஆக்கியது ஃப்யூச்சர்ஸ் விலை என்ற ஒரே எண். அதற்கு 40,000 ரூபாய் தேவைப்படவில்லை.

எதிரே யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பற்றி, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தின் பெரும்பகுதி கணினி வழி வர்த்தகத்தில் வந்தது. அவர்களுக்கு மேலான சூத்திரம் தெரியும் என்பதல்ல காரணம். அதே ஹெட்ஜை உங்களை விட மலிவாகவும் விரைவாகவும் செய்ய அவர்களால் முடிகிறது. அதாவது அவர்களுடைய அடக்க விலை வேறு.

நகை, குழு, வருமான வரி

நகைக்கடன் வேண்டாம், ஐயா. நீங்கள் காத்திருந்தால் சந்தை உங்கள் கணக்குக்குத் திரும்பும் என்று நினைக்கிறீர்கள். மேலே பார்த்தபடி, திரும்பி வர அங்கே ஒரு "சரியான விலை" இல்லை. அதோடு, விற்ற புட்டுக்கு மார்ஜின் கேட்கும் நாளும் நகைக்கடன் வட்டி கட்டும் நாளும் ஒன்றாக வரும் சூழ்நிலையை உங்கள் குடும்பத்தின் மீது ஏற்றுவது நியாயமல்ல. மூடாமல் வைத்திருக்கும் விற்ற புட்கள் எத்தனை லாட் என்று எண்ணி, பங்கு ஒரே நாளில் 20 சதவீதம் விழுந்தால் உங்கள் இழப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். அந்தக் கூட்டுத்தொகை கணக்கிலுள்ள 90,000-ஐத் தாண்டினால், தாண்டும் அளவை இந்த வாரமே மூடிவிடுங்கள், அல்லது கீழ் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் வாங்கி இழப்புக்கு எல்லை கட்டுங்கள்.

நண்பர்கள் பன்னிரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் "மலிவான ஆப்ஷன்" பட்டியல் அனுப்பி மாதம் 500 ரூபாய் வாங்குவதாகக் கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கட்டணம் பெற்று இவ்வகைப் பரிந்துரை தருவதற்குச் செபியிடம் ஆய்வாளராகவோ முதலீட்டு ஆலோசகராகவோ பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் செய்வது விதிமீறல். தொகை சிறியது என்பது விலக்கு ஆகாது. உடனே நிறுத்தி, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் நட்டத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விடாதீர்கள். அது வணிக நட்டம்; சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் உரிய தேதிக்குள் படிவம் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை வணிக வருமானத்தில் ஈடுகட்டலாம். ஓர் ஆடிட்டரிடம் புரோக்கர் தரும் ஆண்டு அறிக்கையோடு போங்கள்.

கோப்பைத் திருத்திய வடிவில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஸ்பாட் இருந்த இடத்தில் ஃப்யூச்சர்ஸ் விலை, கடைசி விலை இருந்த இடத்தில் வாங்குவோர், விற்போர் விலைகள், புதிதாக ஒரு பத்தியில் ஒரே நாளில் 20 சதவீதம் நகர்ந்தால் வரும் இழப்பு. மூன்று மாதம் பணம் போடாமல், எழுதி மட்டும் வாருங்கள். செலவெல்லாம் கழித்த பிறகும் ஏதேனும் மிஞ்சுகிறதென்றால், அந்தப் பக்கங்களோடு மீண்டும் எழுதுங்கள்; சேர்ந்து பார்ப்போம்.